சமுதாயக் கல்லூரியில் கற்றல் விளைவுகளை மதிப்பிடுதல்

ஒரு பாடத்தை முடித்த மாணவர் எதையெல்லாம் செய்ய வல்லவராக இருக்க வேண்டும் என்பதை எழுதி வைப்பதுதான் கற்றல் விளைவு. அந்த வல்லமை மாணவர்களிடம் எந்த அளவுக்கு வந்திருக்கிறது என்று சான்றுகளைக் கொண்டு பார்த்து, பார்த்ததை வைத்துக் கற்பிக்கும் முறையைத் திருத்துவது கற்றல் விளைவு மதிப்பீடு. திருத்தம் வராத மதிப்பீடு வெறும் கணக்கெடுப்போடு நின்றுவிடும். பல கல்லூரிகளில் இந்த வேலை தடுமாறுவதும் அங்கேதான். ஆகவே ஒவ்வொரு கட்டத்திலும் ‘இதை வைத்து வகுப்பில் எதை மாற்றப்போகிறோம்’ என்ற கேள்வி கூடவே வர வேண்டும்.

மதிப்பெண் இருக்கும்போது இது எதற்கு என்று ஆசிரியர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. நோயாளர் பராமரிப்புப் பாடத்தில் ஒரு மாணவி 72 மதிப்பெண் வாங்குகிறார். அதில் எழுத்துத் தேர்வு, வருகைப்பதிவு, நேரத்துக்குக் கொடுத்த ஒப்படைப்பு, செய்முறை எல்லாம் கலந்திருக்கின்றன. அவருக்கு ரத்த அழுத்தம் சரியாகப் பார்க்கத் தெரியுமா என்று அந்த 72 சொல்லாது. மதிப்பெண் ஒரு மாணவரின் தேர்ச்சியைத் தீர்மானிக்கிறது. விளைவு மதிப்பீடோ ஒரு திறனை மட்டும் தனியே பிரித்தெடுத்து, வகுப்பு முழுவதிலும் அது எப்படி இருக்கிறது என்று பார்த்து, பாடத்திட்டத்தைப் பற்றிக் கேள்வி கேட்கிறது. அதே விடைத்தாளை, அதே செய்முறைத் தேர்வை இரண்டுக்கும் பயன்படுத்தலாம். கேட்கும் கேள்விதான் மாறுகிறது.

பின்னணி

அமெரிக்காவின் முதல் பொதுச் சமுதாயக் கல்லூரியாகக் கருதப்படும் ஜோலியட் இளநிலைக் கல்லூரி 1901இல் இலினாய் மாநிலத்தில் தொடங்கியது. ஈராண்டுப் பட்டம், நான்காண்டுக் கல்லூரிக்கு மாறிச் செல்லும் வழி, குறுகிய காலத் தொழிற்சான்றிதழ், வயதுவந்தோர் கல்வி என்று பல வேலைகளை ஒரே கூரையின்கீழ் செய்யும் நிறுவனமாக இவ்வகைக் கல்லூரி வளர்ந்தது. எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள் என்பதே நெடுங்காலம் அதன் வெற்றிக்கு அளவாக இருந்தது. படித்தவர்கள் என்ன கற்றார்கள் என்ற கேள்வியைத் தரச்சான்று அமைப்புகள் அழுத்திக் கேட்கத் தொடங்கியது பிற்காலத்தில்தான். கலிஃபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஆணையம் 2002இல் வெளியிட்ட தரவிதிகளில் கற்றல் விளைவுகளை மையத்தில் வைத்தது. 2012க்குள் எல்லாக் கல்லூரிகளும் இதில் கைதேர்ந்த நிலையை எட்ட வேண்டும் என்று காலக்கெடுவும் விதித்தது. அந்தக் கெடு நெருங்க நெருங்க, படிவம் நிரப்புவதே வேலையாகிவிட்டது என்ற குறை ஆசிரியர்களிடையே பரவலாக எழுந்தது. புதிதாகத் தொடங்கும் எந்தக் கல்லூரியும் முதலில் கற்க வேண்டிய பாடம் அது.

இந்தியாவில் இந்த வகைக் கல்லூரி வேர்விட்டது 1995இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் 1996இல் சென்னையிலும். பள்ளிப்படிப்பை இடையில் விட்டவர்களுக்கும் ஏழைகளுக்கும் வேலைத்திறன் கொடுப்பதே இங்கே முதல் நோக்கமாக இருந்தது. நோக்கத்தில் வேறுபாடு இருந்தாலும் மதிப்பிடும் முறைக்கு இரண்டு இடத்திலும் அடிப்படை ஒன்றே.

சமுதாயக் கல்லூரிக்கு என்று சில சிக்கல்கள் உண்டு. அமெரிக்காவில் இக்கல்லூரிகளில் படிப்பவர்களில் பெரும்பாலோர் பகுதிநேர மாணவர்கள். வேலையும் குடும்பமும் போக மீதி நேரத்தில் வருபவர்கள். கற்பிப்பவர்களிலும் பகுதிநேர ஆசிரியர்களே அதிகம். ஒரே பாடம் காலை, மாலை, இணையவழி என்று பல பிரிவுகளாக, பல கைகளில் நடக்கிறது. பதினெட்டு வயதுப் பெண்ணும் ஆலை மூடியதால் வேலையிழந்த ஐம்பது வயதுக்காரரும் அடுத்தடுத்த இருக்கையில் இருப்பார்கள். நான்காண்டுக் கல்லூரிக்காக எழுதிய மதிப்பீட்டு முறையை அப்படியே தூக்கி இங்கே வைத்தால் பொருந்தாது.

விளைவை எழுதுதல்

விளைவு வாக்கியத்தின் உயிர் அதன் வினைச்சொல்லில் இருக்கிறது. ‘ரத்த அழுத்தத்தைப் பற்றி அறிந்துகொள்வார்’ என்று எழுதினால் அதை எப்படிப் பார்ப்பது? அறிவு கண்ணுக்குத் தெரியாது. ‘கைமுறைக் கருவியால் ரத்த அழுத்தத்தை அளந்து, சரியாகப் பதிவு செய்வார்’ என்று எழுதினால் பக்கத்தில் நின்று பார்க்கலாம். ‘புரிந்துகொள்வார்’, ‘உணர்வார்’, ‘பாராட்டுவார்’ போன்ற சொற்கள் வரும் இடத்திலெல்லாம், அதைக் காட்ட மாணவர் என்ன செய்வார் என்று கேட்டு எழுதினால் வாக்கியம் தானே திருந்தும். பெஞ்சமின் புளூம் குழுவினர் 1956இல் வெளியிட்ட கற்றல் நோக்கங்களின் வகைப்பாடும் அதன் 2001 திருத்தமும் இதற்கு உதவும். நினைவுகூர்தலில் தொடங்கிப் புதிதாக உருவாக்குதல் வரை ஆறு படிகளை அந்தத் திருத்தம் தருகிறது. எழுதி முடித்த விளைவுகள் அனைத்தும் முதல் இரண்டு படிகளிலேயே நின்றுவிட்டால் பாடத்திட்டத்தையே மறுபடி பார்க்க வேண்டும்.

ஒரு பாடத்துக்கு மூன்று முதல் ஐந்து விளைவுகள் போதும். பாடநூலின் பொருளடக்கத்தை அப்படியே விளைவுகளாக மாற்றிப் பதினைந்து வரிகள் எழுதும் பழக்கம் உண்டு. அவற்றை யாரும் மதிப்பிட மாட்டார்கள். பாடத்தை முடித்து ஓராண்டு கழித்தும் மாணவரிடம் இருக்க வேண்டியது எது என்று கேட்டால் பட்டியல் தானாகச் சுருங்கும். தொழிற்பாடமானால் அந்த வேலையில் இருப்பவர்களையும் வேலை கொடுப்பவர்களையும் உட்கார வைத்து இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். கல்லூரி மறந்துவிட்ட ஏதோ ஒன்றை அவர்கள் நிச்சயம் சொல்வார்கள்.

விளைவுகள் மூன்று தளங்களில் எழுதப்படுகின்றன: பாடம், படிப்பு முழுவதும், கல்லூரி முழுவதும். இவற்றை இணைப்பது பாடத்திட்ட வரைபடம். ஒரு பக்கம் படிப்பின் விளைவுகள், மறுபக்கம் பாடங்கள். கட்டங்களில் அறிமுகமா, பயிற்சியா, தேர்ச்சியா என்று குறிக்க வேண்டும். ஒரு மாலையில் முடிகிற இந்த வேலை பல உண்மைகளை வெளிக்கொண்டுவரும். ஒரு திறன் நான்கு பாடங்களில் அறிமுகமாகி எங்கேயும் பயிற்சியே பெறாமல் போயிருக்கும். அல்லது இறுதிப் பாடத்தில் தேர்ச்சி எதிர்பார்க்கப்படும், அதற்கு முன் யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். அந்த இடத்தில் மாணவர் தவறினால் அது மாணவரின் குற்றமாகாது.

சான்று

சான்றில் நேரடி, மறைமுகம் என்று இரண்டு வகை உண்டு. மாணவர் எழுதியது, செய்தது, பேசியது நேரடிச் சான்று. மாணவர் தம்மைப் பற்றிச் சொல்லும் கருத்து, வேலை கிடைத்தோர் எண்ணிக்கை, முன்னாள் மாணவர் கணிப்பு ஆகியவை மறைமுகச் சான்று. டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்திலிருந்து நடத்தப்படும் சமுதாயக் கல்லூரி மாணவர் ஈடுபாட்டுக் கணிப்பு, மறைமுகச் சான்றுக்கு நல்ல எடுத்துக்காட்டு. வகுப்பில் கேள்வி கேட்டாரா, ஆசிரியரிடம் தனியே பேசினாரா, எத்தனை முறை திருத்தி எழுதினார் என்றெல்லாம் அது கேட்கும். இந்த விவரங்கள் பயனுள்ளவை, ஆனால் கற்றதற்குச் சான்றாகா. எனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைக்கும் மாணவருக்குத் தெரியாமலும் இருக்கலாம். ஆகவே நேரடிச் சான்று ஒன்றாவது இல்லாமல் எந்த விளைவையும் மதிப்பிட்டதாகச் சொல்லக்கூடாது.

நேரடிச் சான்றுக்காகத் தனித்தேர்வு வைப்பது தேவையற்ற சுமை. மதிப்பெண்ணில் சேராத தேர்வை மாணவர்கள் அக்கறையோடு எழுத மாட்டார்கள். அதில் கிடைக்கும் முடிவு அவர்களுடைய திறனைக் காட்டாது, அலுப்பைத்தான் காட்டும். ஏற்கெனவே பாடத்தில் இருக்கிற ஒப்படைப்பு, செய்முறை, இறுதித் தேர்வின் ஒரு கேள்வி ஆகியவற்றையே எடுத்துக்கொள்வது நல்லது. பல பிரிவுகளாக நடக்கும் பாடத்தில் அந்த ஒரு வேலையை மட்டும் எல்லாப் பிரிவுக்கும் பொதுவாக வைத்தால் போதும். அரசு உரிமத் தேர்வின் முடிவுகளும் துறைசார் திறன் மன்றங்களின் சான்றிதழ்களும் நல்ல சான்றுகள்தான். எனினும் ‘தேர்ச்சி’, ‘தோல்வி’ என்று மட்டும் சொல்லும் முடிவு எந்தப் படியில் மாணவர் தடுக்கி விழுந்தார் என்று காட்டாது. கல்லூரி தன் கையால் பார்த்தே ஆக வேண்டியது அந்தப் படியைத்தான்.

அளவுகோல்

நல்ல அளவுகோல் எப்படி இருக்கும் என்பதற்கு அமெரிக்காவின் செவிலிய உதவியாளர் பயிற்சி தெளிவான முன்மாதிரி. முதியோர் இல்லங்களில் வேலை செய்யும் இந்த உதவியாளர்களுக்குக் குறைந்தது 75 மணிநேரப் பயிற்சியும், அதில் 16 மணிநேரம் கண்காணிப்பில் செய்முறையும் வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி வந்த விதி. சமுதாயக் கல்லூரிகள் பல இந்தப் பயிற்சியை நடத்துகின்றன. பல மாநிலங்களில் நடக்கும் தேசியச் செவிலிய உதவியாளர் மதிப்பீட்டுத் தேர்வில் ஒவ்வொருவரும் ஐந்து திறன்களைச் செய்துகாட்ட வேண்டும். கைகழுவுதல் எல்லோருக்கும் உண்டு. இன்னொன்று அளவீடு சார்ந்தது. கையில் சோப்பு தேய்ப்பது 20 நொடியாவது நீடிக்க வேண்டும். ரத்த அழுத்தம் பார்ப்பவரின் இரண்டு எண்களும் தேர்வாளரின் எண்களிலிருந்து 8 அலகுக்குமேல் விலகக்கூடாது. மணிக்கட்டு நாடித்துடிப்பில் 4 துடிப்பும், சிறுநீர் அளவில் 25 மில்லிலிட்டரும் விலகலாம். சில படிகள் முக்கியப் படிகளாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஒன்று விட்டுப்போனாலும், மற்ற எல்லாம் சரியாக இருந்தும், அந்தத் திறனில் தேர்ச்சி இல்லை.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ‘சரியாக’ என்ற சொல் எங்கேயும் சும்மா நிற்கவில்லை. எவ்வளவு விலகினால் தவறு என்ற எல்லை முன்கூட்டியே இருக்கிறது. எல்லாப் படிகளுக்கும் ஒரே எடை கொடுக்கப்படவுமில்லை. நோயாளிக்குக் கேடு வரக்கூடிய இடம் தனியே காக்கப்படுகிறது. மின்பணி, சமையற்கலை, வாகனப் பழுது போன்ற எந்தத் தொழிற்பாடத்துக்கும் இந்த இரண்டையும் அப்படியே கொண்டுபோகலாம். மின் இணைப்பைத் துண்டிக்காமல் வேலை தொடங்கிய மாணவருக்கு, வேலை நேர்த்தியாக இருந்தது என்று பாதி மதிப்பெண் கொடுப்பது ஆபத்தான கருணை.

எழுத்து, பேச்சு, சிக்கல் தீர்த்தல் போன்றவற்றுக்கு இப்படி எண்ணில் எல்லை போட முடியாது. அங்கே படிநிலை அளவுகோல் வேண்டும். அலுவலக நிர்வாகம் படிக்கும் மாணவர் ஒரு வாடிக்கையாளரின் புகாருக்குப் பதில் எழுதுகிறார் என்று கொள்வோம். என்ன நடந்தது என்று தெளிவாகச் சொன்னாரா, கல்லூரி கற்றுக்கொடுத்த முறையில் தீர்வையும் தேதியையும் கொடுத்தாரா, தொனி பணிவாக இருக்கிறதா, மொழிப்பிழை பொருளைக் கெடுக்கிறதா என்று நான்கு கூறுகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று அல்லது நான்கு நிலைகள். ஒவ்வொரு நிலையிலும் கண்ணால் பார்க்கக்கூடிய வருணனை. ‘நன்று’, ‘மிக நன்று’ என்று மட்டும் எழுதிய கட்டங்கள் அளவுகோல் ஆகமாட்டா.

புதிதாக எழுத நேரமில்லாத கல்லூரிகள், அமெரிக்கக் கல்லூரிகள் மற்றும் பல்கலைக்கழகங்கள் சங்கம் 2009இல் வெளியிட்ட அளவுகோல்களை எடுத்துத் திருத்திக்கொள்வதுண்டு. பல கல்லூரி ஆசிரியர் குழுக்கள் சேர்ந்து எழுதியவை அவை; எழுத்துத் தொடர்பு, ஆய்வுச் சிந்தனை, எண்ணறிவு, குழுப்பணி போன்ற திறன்களுக்கு ஒவ்வொன்று உண்டு. அவற்றின் நான்காம் நிலை நான்காண்டு இளங்கலைப் பட்டம் முடிப்பவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஈராண்டுப் படிப்பின் இறுதியில் இருப்பவர் இரண்டாம் நிலையில் நிற்பது குறையாகாது. இதைக் கவனிக்காமல் நான்கை இலக்காக வைத்த கல்லூரி, நன்றாகக் கற்பித்துக்கொண்டிருக்கும்போதே தோற்றதாக அறிக்கை எழுதும்.

அளவுகோல் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அதைப் பயன்படுத்தும் ஆசிரியர்கள் ஒரே கண்ணோடு பார்க்காவிட்டால் பயனில்லை. இதற்கென்று ஓர் அமர்வு வேண்டும். முந்தைய ஆண்டு விடைகளிலிருந்து ஒன்று நல்லது, ஒன்று நடுத்தரம், ஒன்று பலவீனமானது என்று மூன்றை எடுத்து, பெயரை நீக்கி, எல்லோரும் தனித்தனியே நிலை போட வேண்டும். பிறகு எண்களைப் பலகையில் எழுத வேண்டும். ஒருவர் 3 போட்ட இடத்தில் மற்றவர் 1 போட்டிருப்பார். முன்னவர் பணிவான தொனிக்கு மயங்கியிருப்பார், பின்னவர் இரண்டு இலக்கணப் பிழைகளைப் பொறுக்காமல் போயிருப்பார். யார் சரி என்று வாதிடுவதைவிட, அளவுகோலின் எந்தச் சொல் இரண்டு பொருளுக்கு இடம்கொடுத்தது என்று தேடித் திருத்துவதே அங்கே வேலை. ஒரு நிலைக்குள் எல்லோரும் ஒத்துவரும்வரை இன்னும் இரண்டு விடைகளை இப்படிப் பார்த்தால், மிச்சத்தைப் பிரித்துக்கொண்டு திருத்தலாம். பாடத்தைப் பற்றி ஆசிரியர்கள் மனம்விட்டுப் பேசும் அரிய நேரமும் இதுதான். பகுதிநேர ஆசிரியர்களை இதற்கு அழைத்து, அந்த நேரத்துக்குச் சம்பளமும் கொடுக்க வேண்டும். பெரும்பான்மைப் பிரிவுகளை எடுப்பவர்கள் இல்லாமல் போடும் முடிவு வகுப்பறைக்குப் போய்ச் சேராது.

யாரைப் பார்ப்பது

மாணவர் எண்ணிக்கை குறைவாக இருந்தால் எல்லோரையும் பார்த்துவிடலாம். நூற்றுக்கணக்கில் இருந்தால் மாதிரி எடுக்க வேண்டும். காலை, மாலை, இணையம் என்று எல்லாப் பிரிவிலிருந்தும் குலுக்கல் முறையில் எடுக்க வேண்டும். ‘உங்கள் வகுப்பிலிருந்து ஐந்து விடை கொடுங்கள்’ என்று ஆசிரியரிடம் கேட்டால் நல்ல விடைகளே வரும்.

சமுதாயக் கல்லூரியில் அதைவிடப் பெரிய கேள்வி, வராதவர்களைப் பற்றியது. 60 பேர் சேர்ந்து 42 பேர் மட்டும் இறுதிச் செய்முறைக்கு வந்து, அவர்களில் 24 பேர் அளவை எட்டினால் 57 விழுக்காடு என்று அறிக்கை சொல்லும். சேர்ந்தவர்களைக் கணக்கில் கொண்டால் 40. இரண்டு எண்ணையும் சேர்த்தே எழுத வேண்டும். போன 18 பேர் பெரும்பாலும் கற்பதில் தோற்றுப் போனவர்கள் அல்லர். பேருந்து, குழந்தை, வேலைநேரம், கட்டணம் என்று காரணம் வேறாக இருக்கும். அதை மதிப்பீட்டால் திருத்த முடியாது, மறைக்கவும் கூடாது.

முடிவுகளை வயது, மொழி, முழுநேரம், பகுதிநேரம் என்று பிரித்துப் பார்ப்பதும் அவசியம். கலிஃபோர்னியா ஆணையம் 2014 தரவிதிகளில் இதைக் கட்டாயமாக்கியது. மொத்தச் சராசரி நன்றாக இருக்கும்போது மாலை வகுப்பு மட்டும் பின்தங்கியிருக்கலாம். ஆனால் பிரித்த குழுவில் ஐந்தாறு பேர்தான் இருந்தால் அந்த எண்ணை வெளியிடக்கூடாது; அது யாரென்று தெரிந்துவிடும், அந்தச் சிறு எண்ணிலிருந்து முடிவுக்கு வரவும் இயலாது.

முடிவைப் படித்துத் திருத்துதல்

மேலே சொன்ன 42 பேரையே விளக்கத்துக்கு எடுத்துக்கொள்ளலாம்; அவர்கள் செய்தது ரத்த அழுத்தம் அளக்கும் செய்முறை என்று கொள்வோம். எண்கள் கற்பனை. பட்டையைச் சரியான இடத்தில் கட்டியவர்கள் 40, பதிவு செய்ததில் பிழையில்லாதவர்கள் 39, தேர்வாளரின் அளவோடு 8 அலகுக்குள் ஒத்துவந்தவர்கள் 24. அதே மாணவர்கள் எழுத்துத் தேர்வில் நன்றாக எழுதியிருக்கிறார்கள். ஆக அறிவில் குறையில்லை, தொடக்கத்திலும் இறுதியிலும் குறையில்லை. நடுவில் ஒரு படி உடைந்திருக்கிறது. செய்முறைக் குறிப்பைப் பார்த்தால், பலரும் காற்றை மிக வேகமாக வெளியேற்றியிருக்கிறார்கள். நொடிக்கு 2 அல்லது 3 அலகு என்று இறங்க வேண்டிய ஊசி விர்ரென்று இறங்கியிருக்கிறது. முதல் ஒலி கேட்பதற்குள் எண் கடந்துவிட்டது. ஏன்? கல்லூரியில் இருந்த கருவிகள் இரண்டு. தேர்வுக்கு முன் ஒரு மாணவருக்கு இரண்டு மூன்று முறைக்குமேல் வாய்ப்புக் கிடைக்கவில்லை. மாணவர் கேட்ட ஒலியை ஆசிரியர் கேட்கவும் வழியில்லை.

மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்திருந்தால் ‘இன்னும் அக்கறையாகக் கற்பிக்க வேண்டும்’ என்று அறிக்கையில் ஒரு வரி வந்திருக்கும். அப்படிப்பட்ட வரி எதையும் மாற்றாது. படிப்படியாகப் பார்த்ததால் திருத்தம் தெளிவாகிறது: இருவர் ஒரே நேரத்தில் கேட்கக்கூடிய பயிற்சி ஸ்டெதஸ்கோப் வாங்குவது, ஊசியை மெல்ல இறக்கும் பழக்கத்துக்கு மட்டும் ஒரு வகுப்பு ஒதுக்குவது, ஒவ்வொருவரும் வேறுவேறு பத்துப் பேருக்காவது பார்த்த பிறகே தேர்வுக்கு அனுப்புவது. யார் செய்வது, எப்போது, எவ்வளவு செலவு என்று மூன்றும் எழுதப்பட வேண்டும். அடுத்த அணிக்கு அதே செய்முறையை, அதே அளவுகோலோடு மறுபடி வைத்துப் பார்க்க வேண்டும். அளவுகோலையும் கற்பிக்கும் முறையையும் ஒரே ஆண்டில் மாற்றினால் எது பலன் கொடுத்தது என்று தெரியாமல் போகும்.

பாடம் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லாத சிறு கருவிகளும் உண்டு. தாமஸ் ஏஞ்சலோ, பட்ரீஷியா கிராஸ் இருவரும் தொகுத்த வகுப்பறை மதிப்பீட்டு உத்திகளில் புகழ்பெற்றது ஒரு நிமிடத் தாள். வகுப்பு முடியும்போது, இன்று கற்றதில் முக்கியமானது எது, இன்னும் குழப்பமாக இருப்பது எது என்று மாணவர்கள் பெயரிடாமல் எழுதித் தருவார்கள். மறுநாள் வகுப்பை அந்தக் குழப்பத்திலிருந்து தொடங்கலாம். அறிக்கை எதுவும் வேண்டாம்.

பதிவும் பயன்பாடும்

ஒரு விளைவுக்கு ஒரு பக்கம் போதும்: விளைவு, சான்று, அளவுகோல், முடிவு, எடுத்த நடவடிக்கை, மறுமுறை பார்த்தபோது கிடைத்தது. விலை கொடுத்து வாங்கும் மென்பொருள் இல்லாமல் விரிதாளிலேயே இது நடக்கும். ஆசிரியர் மாறிப்போனாலும் புதியவர் எடுத்துப் படித்துப் புரிந்துகொள்ளும்படி இருந்தால் அது நல்ல பதிவு.

இந்த முடிவுகளை ஆசிரியரின் தகுதியை எடைபோடப் பயன்படுத்தக்கூடாது. பகுதிநேர ஆசிரியரின் மறுநியமனம் இந்த எண்ணைப் பொறுத்தது என்று ஆகிவிட்டால், அதற்கடுத்த ஆண்டு எல்லா மாணவரும் அளவை எட்டியிருப்பார்கள், தாளில். மாணவர்களின் விளைவுகளை ஆசிரியர் மதிப்பீட்டோடு இணைக்கும் விதியைக் கலிஃபோர்னியா ஆணையமே வைத்திருந்து, ஆசிரியர் அமைப்புகளின் நீண்ட எதிர்ப்புக்குப் பின் நீக்கியது. மோசமான முடிவைத் துணிந்து எழுதும் துறைக்குக் கருவியும் நேரமும் கிடைக்கும் என்ற நம்பிக்கையை முதல்வர் உருவாக்க வேண்டும். வரவுசெலவுத் திட்டத்தில் இதற்கென்று ஒரு தொகை இருந்தால் அந்த நம்பிக்கை வரும்.

முதன்முறை தொடங்கும் கல்லூரி எல்லாப் பாடங்களையும் ஒரே ஆண்டில் எடுக்க வேண்டாம். ஒரு துறை, ஒரு பாடம், ஒரு விளைவு, இரண்டு ஆசிரியர்கள், ஒரு பருவத்தில் மதிப்பீடு, அடுத்த பருவத்தில் திருத்தம், அதற்கடுத்த பருவத்தில் மறுமதிப்பீடு. இப்படி ஒரே ஒரு விளைவைத் தொடக்கத்திலிருந்து மறுமதிப்பீடு வரை முழுமையாக நடத்திக் காட்டிய துறை, இருபது விளைவுகளுக்குப் படிவம் நிரப்பிய துறையைவிட மாணவருக்கு அதிகம் செய்திருக்கிறது.